கஸ்பார் திருத்தி வாசித்த வசனம்

கஸ்பார் வெர்தியே இருந்த குதிரைப்படைப் பிரிவில் எழுதப் படிக்கத் தெரிந்த சிப்பாய் அவன் ஒருவன்தான். அவன் அப்பா வடக்கே சமவெளியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் கோயில்பிள்ளை. மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டே மகனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் படிப்பு கஸ்பாருக்குச் சோறு போடவில்லை, குதிரையும் வாளும்தான் போட்டன. ஆனால் அரசர் ஆணைப்படி அவர்கள் செவென் மலைக்கு வந்த பிறகு, கேப்டன் லா மோத் அந்தப் படிப்புக்கும் ஒரு வேலை கண்டுபிடித்தார். கத்தோலிக்கரான அரசர் தடைசெய்திருந்த சீர்திருத்த சபையாரின் வீடுகளில் புகுந்து தேடும்போது எது பைபிள், எது பஞ்சாங்கம், எது மாட்டு வைத்தியம் என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். பைபிள் நெருப்புக்குப் போகும். வைத்திருந்தவன் அரசரின் கப்பலில் துடுப்பு வலித்துச் சாகப் போவான். அன்று கேப்டனின் மனநிலை சரியில்லை என்றால் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியிருக்காது.

மோன்ராவெல் கிராமத்தில் எலி என்ற நெசவாளியின் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போனபோது, அவன் மனைவி யூதித் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வீடே தலைகீழாகிக்கொண்டிருக்கிறது, அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கஸ்பாருக்கு அதுவே போதுமாக இருந்தது. முக்காலியைக் காலால் எத்தினான். அவள் அடுப்பு மேல் போய் விழுந்தாள். முக்காலியின் அடிப்பலகைக்குள் தோல் அட்டை போட்ட பைபிள் இருந்தது. மேல்தளத்தில் வேறொருவன் ஈயக் குண்டுகளைக் கண்டுபிடித்தான். எலியை அவன் வீட்டு மரத்திலேயே தூக்கிலிட்டார்கள். கழுத்தில் கயிறு விழுந்ததும் அவன் பாட ஆரம்பித்தான். கேப்டன் முரசடிக்கச் சொன்னார். முரசு ஓய்ந்தபோது பாட்டும் ஓய்ந்திருந்தது.

புத்தகத்தை நெருப்பில் போட்டது கஸ்பார்தான். எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பூட்ஸ் நுனியால் அதை வெளியே இழுத்ததும் அவன்தான். அட்டையின் ஒரு மூலை கருகியிருந்தது. சேணப்பைக்குள் திணித்துக்கொண்டான். பக்தி எதுவும் இல்லை. ஒரு மனிதன் எதற்காகக் கழுத்தைக் கொடுத்தான் என்று பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்புதான். அதைப் படிக்கிறவன் புத்தி கெட்டு, கிளர்ச்சிக்காரனாகிவிடுவான் என்று படையின் குருவானவர் சொல்லியிருந்தார். மோன்ராவெல்லில் உள்ளவர்களோ, படிக்கிறவனுக்குத் தானாகவே விசுவாசம் வந்துவிடும் என்றார்கள். இரண்டில் ஒன்று நடக்கும் என்று கஸ்பார் காத்திருந்தான்.

எதுவும் நடக்கவில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற இடத்தில், காவல் மாற்றுகிற இடைவெளியில் என்று முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டு போனான். அண்ணன் தம்பியைக் கொன்றான். நகரங்கள் எரிந்தன. ராஜாக்கள் கட்டைவிரல் வெட்டப்பட்டு மேசைக்கடியில் எச்சில் பொறுக்கினார்கள். அவனுடைய தொழில்தான் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. கூட இருந்த துசேன் என்ற சிப்பாய்க்கு மட்டும் ரகசியமாக வாசித்துக் காட்டுவான். துசேனுக்குச் சண்டை வருகிற இடங்கள் பிடிக்கும்.

"நம்ம கேப்டன் பரவாயில்லடா. இதுல வர்றவனுங்களப் பாத்தா அவர் மடத்துச் சாமியார் மாதிரி தெரியுறார்" என்றான் ஒருநாள்.

பின்பகுதிக்கு வந்தபோது துசேன் கேட்பதை நிறுத்திவிட்டான். பகைவனை நேசிக்கச் சொல்கிற இடம் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. கஸ்பார் சிரிக்கவில்லை. அந்த வாரம் ஒரு மலைப்பிளவில் சபையார் கூடி ஜெபம் செய்துகொண்டிருந்ததை அவர்கள் வளைத்திருந்தார்கள். ஓடியவர்களில் ஒருவன் திரும்பி நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினான். கஸ்பார் குதிரை வேகத்திலேயே வாளை இறக்கினான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கிய வாள் எலும்பில் மாட்டிக்கொண்டது. இறங்கி, அந்த ஆளின் நெஞ்சில் காலை ஊன்றித்தான் அதை உருவ வேண்டியிருந்தது. அதன் பிறகு அவன் படித்த விதம் மாறியது. ஒழுங்காகப் படிக்காமல், அங்கங்கே புரட்டி, தனக்காக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினான். மன்னிப்பு இருந்தது. சாபமும் இருந்தது. எது தனக்கு என்று சொல்ல அந்தப் புத்தகத்தில் ஆள் இல்லை. முழங்கால் போட்டுப் பார்த்தான், வார்த்தை வரவில்லை, எழுந்துவிட்டான்.

அந்தக் கோடையில் கமிசார்கள் திருப்பி அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சபையாரில் ஆயுதம் எடுத்த கம்பளி சீவுகிறவர்களுக்கும் ஆட்டு இடையர்களுக்கும் அந்தப் பெயர். ஒரு குறுகலான கணவாயில் கஸ்பாரின் பிரிவு மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து பாறைகள் உருண்டன, பிறகு துப்பாக்கி, பிறகு அரிவாள். துசேனின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. கேப்டன் லா மோத் குதிரைக்கு அடியில் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தார், ஒருவன் கம்பளி சீவுகிற இரும்புச் சீப்பால் அவரை அமைதிப்படுத்தினான். கஸ்பாரின் குதிரையும் விழுந்தது. அவன் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்துக் கத்தியைத் தொண்டையில் வைத்தபோது, சேணப்பையைக் குடைந்துகொண்டிருந்த ஒருவன் கருகிய அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான்.

அவர்களின் தலைவன் அப்தியாஸ் கம்பளி சீவுகிறவன், நெட்டை மனிதன். ஆவி இறங்கினால் தரையில் விழுந்து வாயில் நுரை தள்ளித் தீர்க்கதரிசனம் சொல்வான், எழுந்ததும் அதை நடத்திக் காட்டுவான். கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்து புத்தகத்தின் மூலையைத் தடவினாள். யூதித்தான் அது. ஒரு பக்கக் கன்னத்தில் அடுப்புச் சூடு பட்டுத் தோல் சுருங்கியிருந்தது. இவன்தான் முக்காலியை எத்தியவன் என்று அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"படிச்சியா இத?" என்று அப்தியாஸ் கேட்டான்.

"முழுசும் படிச்சேன்."

"விசுவாசிக்கிறியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் உயிர் பிழைக்கும். கஸ்பாருக்கு அது தெரியும். பொய் சொல்லப் பழகாதவனும் அல்ல. ஆனால் யூதித் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றான்.

துப்பாக்கிக் கட்டையால் அடித்து இரண்டு விலா எலும்பை உடைத்தார்கள். கொல்லவில்லை. கூட்டத்துக்கு வாசித்துக் காட்டிய ஆள் அந்தக் கணவாயிலேயே செத்துப் போயிருந்தான். அப்தியாஸுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. பகைவன் வாயாலேயே வார்த்தை வர வேண்டும் என்பது தேவ சித்தம் என்று அவன் தீர்ப்புச் சொன்னான். அதற்குப் பிறகு கஸ்பார் இடுப்பில் கயிற்றோடு அவர்களுடன் குகைக்குக் குகை நடந்தான். கஷ்கொட்டைக் கஞ்சி கொடுத்தார்கள். சாயங்காலமானால் வாசிக்கச் சொன்னார்கள். உதடு கிழிந்த கூட்டம், கை போன கூட்டம், அவன் வாசிக்கிறபோது அழுதது. அவர்களுக்குள் ஏதோ போய் இறங்குவதை அவன் கண்ணால் பார்த்தான். வழி அவன் வாய், ஆனால் அவனுக்குள் அது தங்கவில்லை. யூதித் எப்போதும் எதிரில் உட்கார்ந்து, அவன் வாய்க்கு முன்னாலேயே தன் உதடுகளை அசைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. புருஷன் தறியில் இருந்தபடி சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடமானது.

பள்ளத்தாக்கில் சேன்வாலே என்று ஒரு கத்தோலிக்க ஊர். அந்த ஊர்க்காரர்கள்தான் படைக்கு வழிகாட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு முன்னால் மலையில் இரண்டு கிராமங்கள் எரிந்திருந்தன, கிணற்றில் குழந்தைகள் கிடந்தார்கள். அதைச் செய்தது கஸ்பாரின் பழைய படை. அப்தியாஸ் விழுந்து நுரை தள்ளி எழுந்தான். சவுல் ராஜா அமலேக்கியர் மேல் போன அதிகாரத்தை வாசிக்கச் சொன்னான்.

அந்த அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்று கஸ்பாருக்குத் தெரியும். ஆண், பெண், பால்குடிக்கிற பிள்ளை, ஆடு, மாடு, ஒன்றும் மிஞ்சக் கூடாது. சேன்வாலே ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது. ஒருமுறை குதிரைக்கு லாடம் அடிக்கப் போயிருக்கிறான், கொல்லனின் மனைவி ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ் கொடுத்தாள், அவ்வளவுதான். விரலை வரியின் கீழ் வைத்து நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தான். அந்த இடம் வந்தது. ஆயுதம் ஏந்தியவனை வெட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் விட்டுவிடு என்று குரல் மாறாமல் வாசித்து, அடுத்த வரிக்குப் போனான். கூட்டம் தலையாட்டியது. சிலருக்கு முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

யூதித்தின் உதடுகள் நின்றுவிட்டன.

"அப்படி இல்ல" என்றாள். "அங்க எழுதியிருக்கிறது வேற."

எழுந்து நின்று சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல், எலி சொன்ன அதே ராகத்தில் சொன்னாள். அப்தியாஸ் கஸ்பாரைக் கேட்டான். கஸ்பார் மறுக்கவில்லை.

"எழுதியிருக்கு. அத நான் வாசிக்க மாட்டேன்."

வரியில் விரல் வைத்துக்கொண்டே வேதத்தைத் திருத்திய கை என்று அப்தியாஸ் சொன்னான். கஸ்பாரின் வலது கையை ஒரு தட்டைப் பாறையில் வைத்து இரண்டு பேர் அழுத்திப் பிடித்தார்கள், மூன்றாமவன் கல்லைத் தூக்கிப் போட்டான். பிறகு இன்னொரு தடவை. விரல்கள் ஒன்றோடொன்று குழைந்து தோல் மட்டும் மிச்சம். மயக்கம் தெளிந்தபோது விடிந்திருந்தது. அவனை ஒரு மரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து புகை நேராக மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் கோயில் மணி கேட்டது. மணி நின்ற பிறகு கேட்டவை மலை வரைக்கும் வந்தன. அவனால் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். பாடிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். பேசாமல் வந்து ஓடையில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தவர்களும் இருந்தார்கள். யூதித் யாரோடும் சேராமல் கடைசியாக வந்தாள். அவளுடைய பாவாடை முழுவதும் சாம்பலும் ரத்தமும். ஒரு காலில் செருப்பு இல்லை. கூட்டம் சாப்பிட உட்கார்ந்தபோது மரத்துக்கு வந்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கஷ்கொட்டை உரிக்கிற கத்தியால் கயிற்றை அறுத்தாள்.

"நீ வாசிச்ச மாதிரி எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

கஸ்பார் இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"எழுதலியே" என்றாள். "நான் எப்படிப் பொய் சொல்றது? அவர் புஸ்தகம் அது."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று அவள் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அது அவள் மடியில் இருந்தது. நசுங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் ஓடையோரமாக இறங்கிப் போனான். பின்னால் யாரும் சுடவில்லை. குளிர்காலத்தில் படை அந்தக் குகைகளைச் சுற்றி வளைத்தபோது அப்தியாஸும் மற்றவர்களும் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். செத்தவர்களில் யூதித்தும் இருந்தாளா என்று அவனால் விசாரிக்க முடியவில்லை.

அவன் படைக்குத் திரும்பியதும், நீம் நகரத்து மருத்துவர் அவன் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார். இத்தனை மாதம் எதிரிகளோடு இருந்தவன் என்பதால், அவனுக்கு மாற்று மதத்தின் தொற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு குருவானவரை அனுப்பினார்கள். வேதத்தைப் படித்தாயா, அதனால் உனக்கு என்ன வந்தது என்று அவர் கேட்டார். கஸ்பார் சொன்னான்:

"சில பக்கத்துல வந்துச்சு சாமி, சில பக்கத்துல போச்சு. கூட்டிக் கழிச்சுப் பாக்கல."

இது மதவிரோதமா, முட்டாள்தனமா என்று குருவானவருக்கு முடிவு செய்ய இயலவில்லை. ஜெபமாலை சொல்லச் சொல்லி அபராதம் போட்டுவிட்டுப் போனார். படையும் அவனை விட்டுவிட்டது.

ரோன் ஆற்றங்கரையில் ஆகத் என்ற விதவை படகுத்துறை நடத்திக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையாலும் சுக்கான் பிடிக்கலாம் என்று அவனுக்கு வேலை கொடுத்தாள், பிறகு கல்யாணமும் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு பூசைக்குப் போவான், கடைசி வரிசையில் நிற்பான். கேட்டால் போகிறேன் என்பான், நம்புகிறேன் என்று சொல்ல மாட்டான்.

சண்டை ஓய்ந்து பல வருஷம் கழித்து ஒருநாள், குடித்துவிட்டு வந்த பழைய சிப்பாய் ஒருவன் படகில் உட்கார்ந்து செவென் கதைகளை அளந்தான். கிணற்றில் போட்ட பிள்ளைகள் எப்படிக் கத்தின என்று கத்திக் காட்டினான். கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். கஸ்பார் சுக்கானை விட்டுவிட்டு வந்தான். இரும்புப் பூண் போட்ட படகுக் கழியை இடது கையால் சுழற்றி அந்த ஆளின் வாயில் அடித்தான். பல்லெல்லாம் தெறித்தது. விழுந்தவனின் மேல் ஏறி இன்னும் அடித்தான். ஆட்கள் இழுத்துப் பிடிக்கவில்லை என்றால் அன்று ஒரு கொலை நடந்திருக்கும். படகு சுழன்று கீழே மணல்திட்டில் போய் முட்டி நின்றது.

ஆகத் ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "என்னய்யா, அவ்வளவு பெரிய புஸ்தகத்த முழுசாப் படிச்ச ஆளு நீ. அது உனக்குக் கத்துக் கொடுத்தது இதுதானா?"

"அதுல இதுவும் இருக்கு" என்றான் கஸ்பார். அவளிடமிருந்து வாளியை வாங்கி, ஆற்றில் முக்கி, பலகையின் மறுபக்கத்தைக் கழுவத் தொடங்கினான்.