முட்டை லாரியின் உடைந்த பட்டை

அந்த வருடம் மெட்டீரியல்ஸ் முதுகலைப் படிப்பில் சேர்ந்ததே மொத்தம் இரண்டு பேர். அதில் கௌசிக் என்பவன் ஓசூரில் வேலை கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். சேலத்துக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியின் நீளமான வகுப்பறையில் அறிவுச்செல்வி மட்டும் மிஞ்சினாள். பேராசிரியர் சுவாமிநாதன் முறை தவறாத மனிதர். ஒற்றை ஆளுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பார். பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வந்திருக்கிறாளா என்று வகுப்பு முழுக்கக் கண்ணை ஓட்டுவார். முதல் வாரம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்குப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இரும்போ பீங்கானோ, ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது, அது ஏன் உடைந்தது என்று மிஷினில் வைத்துப் பார்க்கிற படிப்பு என்பாள். சொந்தக்காரர்கள் அதை ரத்தம் எடுக்கிற லேப் படிப்பு என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா முறை ஒருவர் விரலை நீட்டி, “சக்கரை எவ்வளவு இருக்குன்னு பாரு சாமி” என்றார். ஹாஸ்டலில் மற்ற பெண்கள் வகுப்பு வகுப்பாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அறிவுச்செல்வியின் வகுப்பு அவள் ஒருத்திதான். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய்விடுவாள். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் எதையாவது அழகாகப் பார்த்திருந்தால், அதைச் சொல்ல ஒரு ஆள் இருக்காது.

ஆனாலும் விட்டுவிட்டுப் போக முடியாது. இந்தப் படிப்பை எதற்காக எடுத்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அவள் அப்பா தங்கசாமி சங்ககிரியில் லாரி டிரைவராக இருந்தவர். தலை நரைக்கிற வரைக்கும் ஸ்டியரிங்தான் அவருக்குச் சோறு போட்டது. நாலு வருடத்துக்கு முன்னால், நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காடு போகும்போது, விடிகிற நேரத்தில் அவிநாசி தாண்டி வண்டி சட்டென்று வலப்பக்கம் இழுத்து, நடுச்சுவரில் ஏறிச் சாய்ந்தது. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரோடெல்லாம் மஞ்சளாகக் கிடந்ததை யாரோ செல்போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். கண்ணசந்துவிட்டான் என்று லாரி முதலாளி சொன்னார். முதலாளி சொன்ன பிறகு ஊருக்கு வேறு என்ன வேலை? ‘ஆம்லெட்’ தங்கசாமி என்று பட்டமும் கட்டியது.

தங்கசாமி சொன்னது ஒன்றுதான். “நான் தூங்கலீங்க. முன்னாடி பட்டை ஒடஞ்சுதான் வண்டி இழுத்துச்சு.”

பட்டை என்றால் லாரியின் பாரத்தைத் தாங்க அச்சின் மேல் அடுக்கடுக்காக வைத்திருக்கும் ஸ்பிரிங் தகடு. அது உடைந்திருந்தது உண்மைதான். உடைந்ததால் வண்டி மோதியதா, மோதியதால் உடைந்ததா? வண்டியைச் சாய்த்தவன் பேச்சை யார் கேட்பார்கள்? அதற்குப் பிறகு எவரும் அவர் கையில் சாவி கொடுக்கவில்லை. இப்போது திருச்செங்கோட்டு ரோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வாட்ச்மேன் வேலை. உடைந்த பட்டையை மட்டும் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அவர் மனைவி நல்லம்மாள் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடப் பார்த்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இரும்பு உடைந்த இடத்தின் முகத்தைப் பார்த்தே உடைந்த கதையைச் சொல்லிவிடலாம் என்பதை அறிவுச்செல்வி மூன்றாம் செமஸ்டரில் படித்தாள். சிறு விரிசல் ஒன்று நாள்பட வளர்ந்து பட்டை உடைந்திருந்தால், குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் படிகிற மாதிரி வரிவரியாகத் தடம் இருக்கும். ஒரே மோதலில் முறிந்திருந்தால் அந்த வரி இருக்காது. அந்த முகத்தை விரலால்கூடத் தொடக்கூடாது என்று புத்தகம் சொன்னது. அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, அந்தப் பட்டையக் குடுத்தீங்கன்னா எங்க காலேஜ் மிஷின்ல வெச்சுப் பார்த்துரலாமுங்க.”

“அது சொல்லீருமா சாமி?”

“சொல்லீருமுங்கப்பா.”

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தங்கசாமியே பஸ் ஏறி வந்தார். சலவைச் சட்டை, கையில் கனமான மஞ்சள் பை. ஒரு டீகூடக் குடிக்கவில்லை. “டூட்டிக்குப் போகோணும், வாரேன் சாமி” என்று காலேஜ் கேட்டிலேயே பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

லேபில் பையைப் பிரித்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பட்டை பளபளவென்று இருந்தது. மேலே மூன்று பட்டையாக விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். டீசல் வாடையும் புளி வாடையும் கலந்து அடித்தது. மனிதர் கிரீஸை டீசலில் கழுவி, குத்துவிளக்குத் துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கி, அதிலும் திருப்தி இல்லாமல் எமரி பேப்பர் என்கிற உப்புத்தாளை வைத்து உடைந்த முகத்தைத் தேய்த்து எடுத்திருந்தார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்த கை அது. பெரிய மிஷினுக்குப் போகிற சாமானை அழுக்கோடு அனுப்புமா? தொடக்கூடாது என்று புத்தகம் அவளிடம் சொன்னது. அவள் அவரிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இது நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? தன் புராஜெக்டுக்கான பட்டை என்று எழுதிக் கொடுத்து, வரிசையில் காத்திருந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். திரையில் எமரி பேப்பரின் கீறல்கள் நேர்நேராக ஓடின. எங்கே நகர்த்தினாலும் அதே கீறல்தான். ஓரிடத்தில் கால்சியம் இருப்பதாகக் காட்டியது. அது விபூதி.

சுவாமிநாதன் எட்டிப் பார்த்தார். “யாரும்மா இப்படித் தேச்சு வெச்சது? இதுல இனி ஒண்ணும் சொல்ல முடியாது. இரும்புக் கடையில வேற பட்டை வாங்கி புராஜெக்டை முடிச்சிரு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. புராஜெக்டுக்கு எந்தப் பட்டையும் பட்டைதான். இது எங்கப்பாவோடது சார் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். மிஷின் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டிய மட்டும் அழுதாள்.

வீட்டிலிருந்து போன் வந்தால் “இன்னும் ரிசல்ட் வரலீங்கப்பா” என்றாள். இரண்டு தடவைக்கு மேல் அவரும் கேட்கவில்லை. இரும்பில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே டீக்கடையில் தலை நிமிர்ந்து உட்காருவார். எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லிச் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதே என்பதுதான் அந்தப் படிப்பே. அதை அவளால் யாரோடும் பேசித் தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனாள். நல்லம்மாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, தங்கசாமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மிஷின் என்ன சொல்லுச்சு சாமி?”

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“மிஷினுக்கும் தெரியலீங்கப்பா.”

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். “தூங்கலைன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லீட்டேன். உங்கம்மாகிட்டயும் அதேதான் சொன்னேன். நெசமா எனக்கே நெனப்பில்ல சாமி. முழிச்சுத்தான் இருந்தேன்னு நெனைக்கறேன். அது சொல்லீருச்சுன்னா நானும் நம்பிக்கலாம்னு இருந்தேன்.”

அறிவுச்செல்வியால் அவரைப் பார்க்க முடியவில்லை. ஆளில்லாத வகுப்பில் உட்கார்ந்து தன்னைப்போலத் தனியாகத் தவித்தவர் யாருமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த மனிதர் இதை மனதில் வைத்துக்கொண்டு நாலு வருடம் ஒண்டியாக இருந்திருக்கிறார்.

தங்கசாமி இன்னும் ஏதோ கேட்க வந்து தயங்கினார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நான் இன்னுங் கொஞ்சம் நல்லாத் தேச்சுக் குடுத்திருந்தா அதுக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

“இல்லீங்கப்பா” என்றாள். “நீங்க நல்லாத்தான் தேச்சிருந்தீங்க.”