கலியபெருமாள் சொல்லாமல் விட்டவை

காலையில் பால் வாங்கப் போனேன். முக்குக் கடைச் சுவரில் ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். செத்தது யாரென்று பார்ப்பதற்குள் மைதாப் பசையின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அதுதான் என் எழுத்து வாழ்க்கையின் வாசனை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளில் திருநள்ளாற்றில் குடியிருந்துகொண்டு காரைக்காலில் குமாஸ்தா வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கதையை எழுதி முடித்தால் என் மனைவி அலுத்துக்கொண்டே கொஞ்சம் மைதா கிண்டித் தருவாள். பத்திரிகைக்கு அனுப்பும் உறையை ஒட்டவேண்டும். கதை பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதற்காகத் தபால்தலை ஒட்டிய இன்னொரு உறையை உள்ளே வைக்கவேண்டும். நம் பிள்ளைக்கு நாமே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற வேலை! கார்டு வந்தால் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். கனமான உறை வந்தால் பிள்ளை வீடு திரும்பிவிட்டது. தபால்காரருக்கு இது அத்துப்படி. "சார், இதுவும் வந்துடுச்சுங்க" என்று தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பார். அப்புறம் நான் ஒரு வாரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நடப்பேன்.

அந்த அவமானத்தில் என்னை விட்டுக்கொடுக்காத ஒரே ஆள் கலியபெருமாள். சுரக்குடிக்காரன், என்னோடு ஐந்தாவது வரை படித்தவன். அதற்கப்புறம் அவன் வயலுக்குப் போனான், நான் படிக்கப் போனேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். மாடு கன்று போட்டதைச் சொன்னால்கூட நாம் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருக்கும். சனிக்கிழமை தவறாமல் சைக்கிளில் வருவான். கோயில் கூட்டத்தில் நல்லெண்ணெய் மிதித்த காலோடு வீட்டுக்குள் வந்து என் மனைவியிடம் திட்டு வாங்குவான்.

ஒரு சனிக்கிழமை வந்தவன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

அந்த வருஷம் தண்ணீருக்குப் பெரும் பஞ்சம். நாங்கள் கடைமடை. தஞ்சாவூர் ஜில்லாவெல்லாம் குடித்து மிஞ்சியதுதான் எங்களுக்கு. வாய்க்காலில் அவன் வயலும் அவன் சித்தப்பா வயலும் அடுத்தடுத்து. ஒரு நாள் இவனுக்கு, ஒரு நாள் அவருக்கு என்று முறை. சனிக்கிழமைகளில் சித்தப்பா கோயில் வாசலில் எள்ளு விளக்கு விற்க வந்துவிடுவார். அப்படி இரண்டு சனிக்கிழமை, அவர் முறை நாளில், பட்டப்பகலில் இவன் அவருடைய மடையை அடைத்துத் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான். வெறும் மண் கரைந்துவிடும் என்று மனைவியின் மாம்பழக் கலர்ப் புடவையில் மண்ணைச் சுற்றி அடைத்திருக்கிறான். சித்தப்பாவின் நாற்று பழுத்துப் போயிற்று. அவர் தண்ணீர் விடும் லஸ்கர்தான் ஏமாற்றினான் என்று நினைத்து, அந்த மனுஷனை நாலு பேர் நடுவில் வாய்க்கு வந்தபடி ஏசினார். இவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் புடவைய வூட்டுல வச்சிருக்க முடியலடா. இப்பத்தான் நளதீர்த்தக் கரையில போட்டுட்டு வர்றேன். ஊரு சனமெல்லாம் தோஷத்த அங்கதான வுடுது."

வெளியூர்க்காரர்கள்தான் குளித்துவிட்டுத் துணியைப் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரன் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கிளம்பும்போது, "யார்ட்டயும் சொல்லிப்புடாத" என்றான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

அதற்கு முன் வரிசையாக ஏழு கதைகள் திரும்பி வந்திருந்தன. இதற்குக் கார்டு வந்தது. கலியபெருமாளை ராஜகோபால் ஆக்கியிருந்தேன், ஊர்ப் பெயரை எடுத்துவிட்டிருந்தேன். அதுவே போதும் என்று நினைத்தேன். அவனிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பயம்தான், வேறென்ன?

பத்திரிகை மாயவரத்திலிருந்து பஸ்ஸில் காரைக்காலுக்கு வரும். கலியபெருமாள் உரம் வாங்கப் போனவன், பஸ் ஸ்டாண்டு கடையில் என் பெயரைப் பார்த்துவிட்டான். ஒன்று வாங்கி நேராகச் சித்தப்பா வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். "நம்ம பய எழுதுனது, சத்தமாப் படி" என்று சித்தப்பா மகளிடம் கொடுத்திருக்கிறான். வீட்டோடு உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பெண் நிறுத்தாமல் கடைசி வரி வரை படித்தாளாம்.

விஷயம் கேள்விப்பட்டு சுரக்குடிக்கு ஓடினேன். வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"நானே வாங்கிட்டுப் போயி, நானே படிக்கச் சொன்னேன்டா."

"பேரையெல்லாம் மாத்தித்தானே எழுதுனேன்?" என்றேன். சொன்ன மறுநிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பேர மாத்துன. புடவைய மாத்தலயே. எங்க சித்தி தலைதீவாளிக்கு எடுத்துக் குடுத்த புடவைடா அது."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டான். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

சித்தப்பா லஸ்கர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். கலியபெருமாளோடு பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, கதையைப் படித்த அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். கூடப்பிறந்த ஆண் கிடையாது. அவள் கையில் பொரி போடவேண்டிய அண்ணன் கலியபெருமாள்தான். அவள் பிறந்ததிலிருந்தே, "ஒனக்குப் பொரி போடறவன் நான்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. எனக்கு வைத்தார்கள். "எழுத்தாளர் சார் கண்டிப்பா வரணுங்க" என்று சித்தப்பா தட்டோடு வந்து கூப்பிட்டார். போனேன். யாரோ தூரத்துச் சொந்தக்காரப் பையன் பொரி போட்டான். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கலியபெருமாள் என்னோடு சண்டை போடவே இல்லை. எண்பதுகளிலும் எப்போதாவது வருவான். வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு வருவான். மழையைப் பற்றிப் பேசுவான், என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பான். அவன் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "என்னடா, என்ட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாருக்கோம்" என்றான்.

இப்போது கார்டும் இல்லை, கனத்த உறையும் இல்லை. அந்த வயல்களில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். நான் எழுதுவதை நிறுத்தியது கண் பார்வையால் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். கலியபெருமாள் போய்ச் சேர்ந்தும் பல வருஷமாகிறது. என் கதைகளில் பாதி அவன் வாயிலிருந்து வந்தவை. கடைசி இருபது வருஷம் அவன் எப்படி வாழ்ந்தான் என்று கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.