தமிழய்யா கொடுத்த மிஸ்டு கால்

ஆரணியில் தணிகாசலம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தமிழய்யா என்று கேட்டால் டீ மாஸ்டர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழி காட்டுவார். ஒரே பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும்வரை தமிழ் நடத்திய மனிதர். பஸ்ஸைப் பேருந்து என்பார், அதுகூடப் பரவாயில்லை. ஓட்டலில் போய்க் காபிக்குக் 'குளம்பி' என்று கேட்டு, சர்வர் கொண்டுவந்த வத்தக்குழம்பைக் கௌரவம் பார்த்துக் குடித்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவரைத்தான் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், மாணவர்களிடம் செல்போன் பறிக்கும் பொறுப்பில் போட்டார் தலைமையாசிரியர். என்ன பொருத்தம் பாருங்கள்!

பறிப்பதற்குச் சட்டம் இருந்தது. வகுப்பில் போன் அடிக்க வேண்டும், இல்லையென்றால் வைத்திருப்பவர் அதை நோண்டிக்கொண்டிருக்க வேண்டும். பிடிபட்டதை வகுப்பு மூலையிலிருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். பெற்றவர் நேரில் வந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அணைத்து வைக்கும்படி யாரும் சொல்லவில்லை, அவருக்கு அணைக்கவும் தெரியாது. அதனால் அவர் செய்யுள் நடத்தும்போதெல்லாம் பீரோ குத்துப்பாட்டுப் பாடும். பாதி வீடுகளில் இருந்ததே ஒரு போன்தான், அதைத்தான் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பட்டு நூல் வியாபாரி, கேஸ் கம்பெனிக்காரர், கல்யாணத் தரகர் எல்லோரும் பீரோவைத்தான் கூப்பிட்டார்கள்.

"மிஸ்டு கால் என்று சொல்லாதீர்கள். தவறிய அழைப்பு என்று சொல்லுங்கள்" என்று வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். தவறிப்போன ஒன்றுக்கு என்ன மதிப்பு? அவர் நினைப்பு அவ்வளவுதான். ஊர் மொத்தமும் அதை வைத்துத்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது என்பது அவருக்கு எங்கே தெரியும்! தறிக்குப் பாவு நூல் வந்துவிட்டதா, ஒரு மிஸ்டு கால். பஸ் ஏறியாயிற்றா, ஒரு மிஸ்டு கால். சரி என்பதற்கும் அதேதான்.

மார்கழி மாதம் ஒரு நாள், ப்ளஸ் டூ படிக்கும் பானுப்ரியா வகுப்பு தொடங்குமுன் அவர் மேசையருகே வந்து ஒரு போனை நீட்டினாள்.

"சார், இத்தப் புடுங்கிக்கோங்க சார்."

"அடித்ததா?"

"இல்ல சார்."

"நோண்டினாயா?"

"இல்ல சார்."

"அப்படியென்றால் பறிக்க இயலாது. போய் அமர்."

அந்தப் பெண் அழுதேவிட்டாள். சேவூரில் பட்டு நெய்யும் ஜெகநாதனின் ஒரே மகள் அவள். செய்யாரில் இருக்கும் அத்தை கன்னியம்மா, கம்பெனி வேலைக்குப் போகும் தன் மகனுக்கு இவளைத் தையிலேயே கட்டிவைத்துவிடத் துடித்துக்கொண்டிருந்தாள். நாள் பார்த்துவிட்டுப் போனில் சொல்கிறேன் என்றிருந்தாள்.

"மார்ச்சுல பரிட்சை சார். நான் மேல படிக்கணும். எங்கப்பா இதுவரைக்கும் அத்தைகிட்ட ஒருவாட்டிகூட மாட்டேன்னு சொன்னதில்ல. கேட்டா தலையாட்டிடுவாரு. போன் வீட்ல இருந்தாதான சார் அத்தை கேக்க முடியும்?"

தமிழய்யாவுக்கு மனசு கரைந்துதான் போனது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! "அமர்ந்து நோண்டு, நான் கண்டுபிடிக்கிறேன்" என்றார். அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோண்டினாள். அவர் கரும்பலகையிலிருந்து திடுக்கிட்டுத் திரும்பி, "ஆகா! கைப்பேசியா?" என்று முழங்கிப் பறிமுதல் செய்தார். வகுப்பு கைதட்டியது.

ஜெகநாதன் போனைக் கேட்டு வரவேயில்லை. தறியில் வேலை இருக்கிறது என்று மகளிடம் சொல்லி அனுப்பினார், அதோடு சரி.

அடுத்த வாரம் அந்தப் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது, மறுபடி அடித்தது. பாடம் நடத்த விட்டால்தானே! பொறுக்கமாட்டாமல் பீரோவைத் திறந்து எடுத்து, கைக்கு வந்த பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தார் தமிழய்யா. அவர் வணக்கம் சொல்வதற்குள் கன்னியம்மா பொரிந்து தள்ளிவிட்டாள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"தம்பி, தை இருவது நல்ல நாளுடா. சம்மதம்னா ஜல்தியா ஒரு மிஸ்டு கால் குடு, மண்டபத்துக்குச் சொல்லிடறேன். இஷ்டமில்லன்னா வுட்டுடு."

வைத்துவிட்டாள். தமிழய்யா போனைக் காதிலிருந்து எடுத்தார். இனி இந்தச் சனியன் அடிக்கவே கூடாது, அணைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். சிவப்பு அபாயம், பச்சைதான் மங்களம் என்று பச்சையை அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். அது சமர்த்தாகச் செய்யாரைக் கூப்பிட்டது. பதறிப்போய்ச் சிவப்பை அமுக்கினார்.

"ஐயோ சார்! மிஸ்டு கால் குடுத்துட்டீங்களே சார்!" என்று அலறினாள் பானுப்ரியா.

"அது தவறிய அழைப்பம்மா. தவறிப்போனது செல்லாது."

"அதான் சார் சம்மதம்!"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயத்தை விளக்கிவிடலாம் என்று திரும்பக் கூப்பிட்டார். ஒரு மணி அடித்ததும் அந்தப் பக்கம் கட். தம்பிக்குக் காசு போய்விடக் கூடாதே, மிஸ்டு காலைப் போய் எந்த அக்கா எடுப்பாள்? மறுபடி கூப்பிட்டார், மறுபடி கட். மனிதர் விடவில்லை, பீரியட் முடியும்வரை கூப்பிட்டார். செய்யாரில் கன்னியம்மா பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினாளாம்: "ஒருவாட்டி கேட்டா எத்தினிவாட்டி சம்மதம் சொல்லிகினே கீறான் பாரு, என் தம்பி!"

அன்று சாயங்காலமே பூ, பழம், வெற்றிலைத் தட்டோடு பஸ் ஏறிச் சேவூர் வந்துவிட்டாள். தம்பியோ ஒன்றும் புரியாமல் பேந்தப் பேந்த விழித்தார். போன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்றார். இருவரும் டி.வி.எஸ். வண்டியில் தட்டோடு வகுப்பு வாசலில் வந்து இறங்கினார்கள். ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது.

"அம்மா, சம்மதம் தெரிவித்தவன் நான். முழுக் குற்றமும் என்னுடையது" என்று கைகூப்பினார் தமிழய்யா.

"நீங்க சும்மா இருங்க வாத்தியாரே. என் பையன் இன்னா உங்களையா கட்டிக்கப் போறான்?" என்றாள் கன்னியம்மா. பெஞ்சுகள் சிரித்தன. பானுப்ரியா மட்டும் சிரிக்கவில்லை.

பெற்றவர் நேரில் வந்துவிட்டாரே, சட்டப்படி கொடுத்தாக வேண்டும். தமிழய்யா மனசேயில்லாமல் பீரோவைத் திறந்து போனை ஜெகநாதன் கையில் வைத்தார்.

"வாங்கிட்டியா? யாரோ அமுக்கினது வாணாம், நீயே ஒரு மிஸ்டு கால் குடுடா. என் போன் அடிக்கட்டும், எனக்குத் திருப்தியா போயிடும்" என்றாள் அக்கா, தன் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு.

ஜெகநாதன் போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் பச்சைக்குப் பக்கத்தில் நின்றது. பாவம், அந்த மனிதருக்கு மார்கழிக் குளிரிலும் நெற்றி வேர்த்துவிட்டது. பிறகு போனைத் தமிழய்யாவிடமே திரும்ப நீட்டினார்.

"சார், இது உங்ககிட்டயே இருக்கட்டும். பரிட்சை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன்."

"இதுக்கு இன்னாடா அர்த்தம்? எதுவா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லேன்டா!"

"அதாங்கா சொல்லிகினு இருக்கேன்" என்றார் ஜெகநாதன்.

கன்னியம்மா தட்டைப் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, புதிதாக யாரையோ பார்ப்பவள்போல் தம்பியைப் பார்த்தாள். தமிழய்யா போனை வாங்கி உள்ளே வைத்து பீரோவைப் பூட்டினார்.