லுங்கித் துணியில் சுற்றிய குண்டு

நகரியில் எனக்கு இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. விஜயபுரம் பக்கத்தில் நைனா விட்டுப்போன வேர்க்கடலைக் கொல்லையும் உண்டு. காட்டுப்பன்றிகளை விரட்ட அவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் லைசென்ஸோடு என் பெயருக்கு வந்தது. அப்போது தம்பி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். இப்போது வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கொல்லையில் பயிர் வைக்கிறான். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்ததும் ஆரம்பித்தான்.

"தறி ஓட்டறவளுக்குத் துப்பாக்கி எதுக்குக்கா? எம்பேருக்கு மாத்திக் குடுத்துடு."

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் கொல்லையில் வெடிச்சத்தம் கேட்டால், "அது அந்த அக்காவோட துப்பாக்கி" என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். கொடுக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப திருப்பதிக்குப் போயி சுட்டுப் பாக்கலாம் வா. ஆளுக்கு மூணு குண்டு. கறுப்பு வட்டத்துல யாருது அதிகமோ அவங்களுக்குத் துப்பாக்கி."

சரி என்று சொல்லிவிட்டேன்.

திருப்பதிக்கு வெளியே குன்றடியில் ஒரு துப்பாக்கிப் பயிற்சி மைதானம். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் போன்ற பயிர்க்காவல் துப்பாக்கிக்காரர்களையும் விடுவார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் கூடவே நின்று எல்லாவற்றையும் கவனித்தார்.

எங்கள் துப்பாக்கிக்கு எல்லாமே குழல் வாய் வழியாகத்தான். வெடிமருந்தைப் போட்டு, அதன்மேல் குண்டைக் கம்பியால் இறக்க வேண்டும். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. அந்த இடைவெளியை அடைக்கத் தம்பி சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள் வாங்கி வந்திருந்தான். குண்டு அதில் உட்கார்ந்து போகும். வெளியே வந்ததும் குப்பி கழன்று விழுந்துவிடும்.

தம்பியின் முதல் குண்டு குறிப்பலகையின் கறுப்பு வட்டத்துக்குள், ஓரமாகப் பட்டது. விசில் அடித்தான். இரண்டாவது விலகிப் பலகையின் இடது விளிம்பில் பட்டது. மூன்றாவதை இறக்கவே மூச்சுப் பிடித்துத் தள்ளினான். அது பலகையின் மேல்மூலைக்குப் போனது.

"மூணும் போர்டுல கீதில்ல? நீ போர்டைத் தொடு பாக்கலாம்."

என் முதல் குப்பி பாதிக் குழலில் இறுகிக்கொண்டது. போலீஸ்காரர்தான் முழுதாக இறக்கிக் கொடுத்தார். சுட்டேன். பலகையில் படவே இல்லை. பின்னால் மண்மேட்டில் தூசி பறந்தது.

"மலைக்குக் குறி வெச்சியாக்கா?" என்றான் தம்பி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பலகையைப் பார்க்க எல்லோரையும் முன்னால் போகவிட்டபோது, தரையில் விழுந்து கிடந்த குப்பிகளைப் பொறுக்கினேன். கடைசியாக வந்தவை ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தன. எனக்குச் சிலிர்த்துப் போனது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் துணி கோணிக்கொண்டுதான் வரும். குழலுக்குள்ளும் அதேதான்! கரி ஒரு பக்கம் தடிப்பாகப் படிந்து, குப்பி கோணலாக உட்கார்ந்து, நெருப்பு மறுபக்கம் புகுந்து வெளியேறியிருக்கிறது.

குழலை ஈரத்துணியால் துடைக்கப் போனேன்.

"நீ தொடச்சிக்கினு இருந்தா பன்னி நின்னுக்கினு இருக்குமா?"

"தொடைக்கட்டும்பா, அதுல தப்பு லேது" என்றார் போலீஸ்காரர்.

கரி மை போல வந்தது. துடைத்துக் காயவைத்த குழலில் குப்பியோ தொளதொளவென்று இறங்கியது. அதுவும் சரியில்லை. துடைப்பதற்காகத் தறிக் கழிவுத் துணிகளை ஒரு பையில் கொண்டுபோயிருந்தேன். தோளில் போடும் துண்டின் தடித்த துணியில் சுற்றினால் குண்டு நுழையவில்லை. மெல்லிய தாவணித் துணியில் வழுக்கிக்கொண்டு போனது. லுங்கித் துணியில் சுற்றி அழுத்தினேன். எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கமாக இறங்கியது.

சுட்டேன். கறுப்புக்குள்!

மறுபடி துடைத்து, மறுபடி அதே துணி. அதுவும் கறுப்புக்குள், முந்தைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே. விழுந்த துணியை ஓடிப்போய் எடுத்தேன். நடுவில் வட்டமாகக் கரி. ஓரத்தில் ஒரு நூல்கூடக் கருகவில்லை.

"அக்காவுது ரெண்டு, தம்பிது ஒண்ணு" என்றார் போலீஸ்காரர்.

தம்பி விடவில்லை. "அந்தத் துணியைக் குடு, ஒண்ணே ஒண்ணு" என்றான். கொடுத்தேன். குழலையும் துடைத்துக் கொடுத்தேன். அவன் குண்டு கறுப்பின் நட்டநடுவில் பாய்ந்தது.

"சென்டர்! இப்ப சொல்லு, துப்பாக்கி யாருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகம் சூடேறியது. ஆனால் குரல் வந்தது, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"நல்லா சுட்ட. ஆனா பேசனது மூணு குண்டு. அது முடிஞ்சிப் போச்சு. துப்பாக்கி என்னுது."

தம்பி பலகையிடம் நடந்தான், நானும் பின்னால் போனேன். அதில் இருந்த தன் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தான்.

"நானே ஒரு லைசென்ஸுக்கு எழுதிப் போடறேன்க்கா. லுங்கித் துணியாச்சும் குடுப்பியா?"

"மீட்டர் கணக்குல குடுக்கறேன் போடா" என்று சொல்லி, துப்பாக்கியை உறையில் போட்டு என் தோளில் மாட்டிக்கொண்டேன்.