மூன்று விரல்

பாக்கியம் அக்கா இறந்த செய்தியைக் கங்காணி, கொழுந்து நிறுக்கும் தராசடிக்கு வந்து சொன்னார். கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, அக்காவிடம் காட்டாமல் விட்ட மூன்று விரல்தான்.

நம் தோட்டத்து கிளினிக்கில் காயம் கழுவி மருந்து கட்டிய அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர் செய்ததைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி, கிளை வெட்டிக் கவ்வாத்து செய்த தேயிலைக் கட்டையில் முகம் மோத விழுந்தேன். கன்னத்தில் குழி விழுந்தது. வாயைத் திறக்க முடியவில்லை; கஞ்சியைக்கூட உறிஞ்சித்தான் குடித்தேன். என்னை லோரியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அக்காதான்.

அங்கே டாக்டர் என் கன்னத்தில் குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். திரையில் எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது; நடுவில் ஒடிந்து உள்ளே அமுங்கியிருந்தது. தலைமுடிக்குள் சிறிதாகக் கீறி எலும்பைத் தூக்கி நிறுத்தினார்கள். அது சரியாக உட்கார்ந்ததா என்பதையும், முகத்தைக் கிழிக்காமல், அதே கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம்.

திரும்பி வந்ததும் அம்மா பக்கத்து வீட்டில், புள்ளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டார். நம் லயத்து வீடுகளில் ஸ்கேன் என்றால் கர்ப்பம்தான். ஒரே வாரத்தில், கல்யாணமாகாத நான் ஈப்போவுக்குப் போன காரணமே மாறிவிட்டது. பெண்கள் தண்ணீர் பிடிக்கக் கூடும் பைப்படிக்கு அம்மா போவதை நிறுத்தினார்.

அக்கா ஒருநாள் தராசடிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஏண்டி, கன்னத்துலயாடி புள்ள உண்டாகும்?" என்று கூடி நின்ற பெண்களில் ஒருத்தியைக் கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

"வயித்துல வைக்கிற அதே மிஷினுதான்லா. எலும்பு ஒடஞ்சா அங்கயும் வைப்பாங்க. இவ கன்னத்துல வச்சப்ப பக்கத்துல நின்னவ நான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "வாயத் தொற புள்ள" என்றார். அத்தனை பேர் முன்னால் திறந்தேன். என் விரல்களையே பல்லிடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு விரல் போயிற்று.

"மூணு போகணும், அப்பத்தான் சரியாச்சுன்னு அர்த்தம். போனா வந்து காட்டு."

அன்றோடு பேச்சு அடங்கியது. மறுநாள் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார்.

அக்கா இறந்தபோது மூன்று விரல் போய்ப் பத்து நாளாகியிருந்தது. கிளினிக்கில் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். கூச்சப்பட்டு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

அக்காவை எடுக்கும் நேரத்தில் தலைமாட்டில் போய் நின்றேன். எல்லோரும் பார்க்க, வாயைத் திறந்து மூன்று விரலை வைத்துக் காட்டினேன்.

இப்போதும் காலையில் கண்ணாடி முன்னால் அப்படிச் செய்கிறேன். எலும்பு கூடி நாளாகிறது. "வாயத் தொற புள்ள" என்ற அந்தக் குரலுக்காகத்தான் திறக்கிறேன்.