அப்பா காவல் நின்ற கதவு

அந்த வாளுக்குக் கூர் கிடையாது. வெண்டைக்காய்கூட நறுக்க முடியாதென்று அம்மா கேலி செய்வாள். ஆனாலும் மாதம் ஒருமுறை, சாயங்காலத்தில், அப்பா கறுப்புக் கோட்டு மாட்டி, அதைக் கையில் பிடித்தபடி லாட்ஜின் உள்கதவுக்கு வெளியே நிற்பார். லாட்ஜ் என்றால் தங்கும் விடுதியல்ல. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்குள் சகோதரர்கள் என்று சத்தியம் செய்துகொண்டு கூடிய சங்கம். உள்ளே நடப்பது வெளியாளுக்குத் தெரியாது என்பதால், அங்கே தலையை வெட்டுகிறார்கள் என்று கதை கட்டி, பஜாரில் அதைத் தலைவெட்டிக் கோயில் என்றார்கள்.

முன்பெல்லாம் காவலுக்கு நின்றதும் வெள்ளைக்காரர்தான். இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேற, நம்மூர் டாக்டரும் வக்கீலும் சேர்ந்தார்கள். சகோதரர்களில் யாருக்கும் குளிரில் வெளியே நிற்க விருப்பமில்லை. கட்டடத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டு, கீழே சரிவிலிருந்த அறையில் எங்களோடு குடியிருந்த அப்பாவின் கைக்கு வாள் வந்தது. வெளியிலிருந்து மூன்று தட்டு என்றால் யாரோ வந்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு தட்டு என்றால் பொறுத்திருக்க வேண்டும், சடங்கு முடியாமல் கதவு திறக்காது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆபத்துக்கென்று ஒரு தட்டு இருந்ததோ என்னவோ, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஒருமுறை லாட்ஜ் கூடிய அன்று மழை. அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டு, பிள்ளை பிறக்காமலே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. "நிக்க மாட்டேங்குதுடி, டாக்டர் ஐயாவக் கூட்டியாரச் சொல்லு" என்று மருத்துவச்சி என்னை விரட்டினாள். டாக்டர் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தார். அப்பா வாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு மூன்று தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

"சத்தம் போட்டுக் கூப்பிடுங்கப்பா!"

"இரும்மா, பதில் குடுத்துட்டாங்க. இப்பத் தொறந்துருவாங்க."

உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். மறுபடி தட்டினார், மறுபடியும் அதே பதில். நான் இரண்டு கையாலும் கதவை அறையப் போனேன். அப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா, தொரைங்க கோவிச்சுக்குவாங்க" என்றார்.

கதவு திறந்ததும் டாக்டர் இடுப்பில் கட்டிய சடங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் சரிவில் இறங்கி ஓடினார். அதைச் சொல்லாமல் விடுவது பாவம். ஆனால் அம்மாவும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

"கூப்பிட்டிருக்கலாமேப்பா" என்றார் டாக்டர்.

"தட்டுனேனுங்க."

"யாரோ லேட்டா வந்திருக்கிறார்னு நினைச்சோம்" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மாதம் அப்பா மறுபடி கோட்டை மாட்டினார். வேறென்ன செய்வது? குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவர்களாக்கப்பட்ட எங்களுக்கு அந்த அறையை விட்டால் போக்கிடம் இல்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதை யார்மேல் கொட்டுவதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

சில வருடங்களில் ஆள் குறைந்து லாட்ஜ் மூடப்பட்டது. இப்போது அங்கே பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது, கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. கடைசிக் காலத்தில் அப்பா கந்தப்பளையில் என்னோடுதான் இருந்தார். கடைக்குப் போய்த் திரும்பும்போது வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் தட்டமாட்டார், கூப்பிடவும் மாட்டார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நானாகப் போய்த் திறக்கும்வரை, மழையானாலும் நனைந்துகொண்டு, வாசலில் நின்றிருப்பார்.