பழைய பெயரில் இணைத்த புது டிஸ்க்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களிடம் நீங்கள் சொன்னது பொய். பதுளைப் பதிவு அலுவலக வாசலில் நின்று, “உங்க தோட்டத்துப் பொடியன்தான் உங்க பேரையெல்லாம் அழிச்சிட்டான்” என்றீர்கள். நீங்கள் என் மேலதிகாரி. அந்தப் பொடியன் நான். எதையும் நான் அழிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. எங்களிடம் ஒரே ஒரு யுனிக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. தோட்டங்களின் பிறப்புப் பதிவுகளை அதில் ஏற்ற எட்டு மாதம் ஆனது. முக்கால்வாசியைத் தட்டச்சு செய்தவர் பண்டாரவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த அக்கா ஒருவர். ஏற்றி முடிந்ததும், கரையான் அரித்த பதிவுப் புத்தகங்களை நீங்கள் கழிவுக் காகிதத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். பிரஜாவுரிமை கேட்க அந்தச் சனங்களுக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

டிஸ்க் நிரம்பியது. கொழும்பிலிருந்து இன்னொன்று வந்தது. கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, அதை உள்ளே வைத்துத் திருகாணி முறுக்கினேன். பெரிய பகுதி பிறப்புப் பதிவுக்கு, சின்னது கடிதங்களுக்கு என்று இரண்டாகப் பிரித்தேன். அதுவரை சரி.

யுனிக்ஸில் புது டிஸ்க் தானாகக் கண்ணில் படாது. டைரக்டரி எனும் ஒரு கோப்பறையின் பெயரில் அதை இணைக்க வேண்டும். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். எங்கள் தோட்டத்தில் புது லயம் கட்டினால் பழைய லயத்தின் நம்பரையே போடுவார்கள், தபால் தவறக்கூடாது என்று. அதே புத்தியில், பதிவுகள் இருந்த கோப்பறையின் பெயரிலேயே புது டிஸ்க்கை இணைத்தேன். முதலில் பழையதை நகலெடுக்கத் தோன்றவே இல்லை. முட்டாள்தனம். என்னுடையதுதான்.

பட்டியலைக் கேட்டால் ஒரு பெயரும் வரவில்லை.

பிறப்பை உறுதிசெய்யும் கடிதத்துக்காக விடியற்காலையிலேயே லொறியேறி வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களிடம்தான் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

“ரெண்டு டிஸ்க்கையும் துடைச்சு எடு. முதல்ல இருந்து ஏத்துவோம்.”

“எதப் பாத்து ஏத்துறது சேர்?” என்றார் அக்கா.

“தோட்டத்துல போய்க் கேட்டு எழுது.”

“செத்தவங்ககிட்ட யாரு போய்க் கேக்குறது?”

நீங்கள் சொன்னதைச் செய்தே பழகிய என் கை கீபோர்டுக்குப் போய்விட்டது. அக்கா கீபோர்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, நீ எதையாச்சும் அழிச்சியா?”

“இல்லக்கா. புதுச மேல மாட்டுனேன்.”

“கழட்டிப் பாத்தியா?”

“இல்ல.”

“பாய்க்கு மேல பாய விரிச்சா அடிப்பாய் எரிஞ்சா போகும்? மேல கெடக்குறதச் சுருட்டுடா, மண்டு!”

“டைப் அடிக்கிற வேலையப் பாருங்க, போதும்” என்றீர்கள் நீங்கள்.

“பாக்குறேன் சேர். கழட்டுறதுக்குன்னா இதக் குடுப்பேன். அழிக்கிறதுக்குக் குடுக்க மாட்டேன்.”

இணைப்பைக் கழற்றினேன். அத்தனை பெயரும் அங்கேயே இருந்தன, என் அம்மாவின் பெயரும். பிறகு புது டிஸ்க்கை வேறு பெயரில் இணைத்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, வரி வரியாக ஒப்பிட்டோம். அக்காவுக்கு அன்று நான் நன்றி சொல்லவில்லை. ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கடிதங்களை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், திரும்பிப் போனவர்கள் வாங்க மறுத்தார்கள். “அழிச்சவனே கள்ளமா எழுதுன பேருடா இது. மாட்டிக்கிட்டா எங்களத்தான் புடிப்பாங்க” என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மூன்று பஸ் மாறி அங்கே வந்தார். லயம் லயமாக ஏறி, “புத்தகத்தப் பாத்து நான் அடிச்ச பேரு இது, வாங்குங்க” என்று கையில் திணித்தார். அவர் முகத்துக்காக வாங்கினார்கள். அவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அக்கா, அதற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

ஆனால் சேர், நீங்கள் சொன்ன பொய்யை எடுக்க அக்காவாலும் முடியவில்லை. என் அம்மா சாகும்வரை, பெயரை அழித்தவனின் தாய் என்றே அங்கே பேச்சு. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள்: அழிக்கச் சொன்னது யார்? தடுத்தது யார்?